இரண்டு பூட்டு வீட்டுப் பூனைகள்

அத்தியாயம் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் சாம்பல் பூனை கூண்டில் மாட்டிக்கொண்டது.

அந்தத் தெருவிலேயே கெட்டிக்காரப் பூனை அது. இத்தனை நாளும் கூண்டுக்கு வெளியே நின்றபடி காலை நீட்டி, கருவாட்டை மட்டும் இழுத்துத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு என்ன பசியோ, உள்ளேயே நுழைந்துவிட்டது. கதவு விழுந்த சத்தம் கேட்டு அமலி போய்ப் பார்த்தபோது, கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு சீறியது. அவள் பழைய போர்வை ஒன்றைக் கூண்டின் மேல் போர்த்தினாள். இருட்டானதும் சத்தம் அடங்கியது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்த வீட்டைத் தெரியும். இந்த வாரம் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

திருக்காட்டுப்பள்ளியில் காவிரிக்கு இறங்கும் தெருவில், கடைசிக்கு முந்தின ஓட்டு வீடு. குழந்தைராஜ் கட்டியது. பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த மனிதர், சட்டம் வந்து நிலம் தன் பெயருக்கு மாறியதும், இரண்டு போகம் நெல் விற்ற காசில் எழுப்பிய வீடு. அவரும் போய், அவர் மனைவியும் போன பிறகு, மகன் அந்தோணிமுத்துவுக்கும் மகள் அமலிக்கும் நடுவில் அது அனாதையாக நின்றது.

சண்டை வீட்டில் ஆரம்பிக்கவில்லை, வயலில் ஆரம்பித்தது. எரிவாயுக் குழாய் பதிக்கக் கம்பெனிக்காரர்கள் வந்தபோது அமலி ஊர்ப் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து மறித்தாள். போலீஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் பொழுது சாயும்வரை அடைத்து வைத்தது. வெளியே வந்தால், அண்ணன் தன் பங்குக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அதோடு பேச்சு நின்றது. பிறகு கோர்ட்டில் வயலுக்கு ஒரு தாவா, வீட்டுக்கு ஒரு தாவா. அண்ணன் கதவில் ஒரு பூட்டுப் போட்டார். மறுநாளே தங்கை பக்கத்தில் இன்னொரு பூட்டுப் போட்டாள். கோர்ட்டும் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டது.

மனிதர் போகக் கூடாத வீட்டுக்குள் பூனைகள் போயின. ஓடு சரிந்த இடம் வழியாக ஒரு பூனை போனது. அப்புறம் அதன் குட்டிகள், குட்டிகளின் குட்டிகள். தெரு முழுக்கப் பூனையாயிற்று. மீன் வாங்கி வந்தால் பையை இறக்கி வைக்க முடியவில்லை. மார்கழிக் குளிரில் கடுவன் பூனைகள் ஓட்டின் மேல் கட்டிப் புரண்டு ஊளையிட்டதில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தூக்கம் கெட்டார்கள். அரிசி மண்டி தியாகராசன் வெளியூர் ஆட்களைப் பேசி வைத்துவிட்டார். பூனைகளைச் சாக்கில் கட்டிக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை வருகிறார்கள்.

அமலி ரேஷன் கடையில் அரிசி போடுகிறவள். மூட்டைக்கு எலி என்ன செய்யும், எலிக்குப் பூனை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். போன வாரத் தெருக் கூட்டத்தில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள், எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம், இருக்கிறது இருக்கும், இனி பெருகாது என்று கேட்டு வாங்கியிருந்தாள். பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா என்று கூட்டம் சிரித்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டது.

அந்த ஞாயிறுதான் இது.

கூண்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவள் சமுதாயக் கூடத்துக்குப் போனபோது, டாக்டர் மெஹராஜ் பேகம் அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தாள். அரசு கால்நடை மருத்துவமனையில் வேலை. ஞாயிறு அவளுக்கு விடுமுறை. தஞ்சாவூரிலிருந்து கூடப் படித்தவர்கள் இருவரை அழைத்து வந்திருந்தாள். பந்தி போடுகிற மேசை ஆபரேஷன் மேசையாகியிருந்தது. தெரு கொடுத்த பழைய வேட்டிகளும் கைலிகளும் தரையில் வரிசையாக விரிந்திருந்தன. அவற்றின் மேல், ஆபரேஷன் முடிந்த பூனைகள் நாக்கு லேசாக வெளியே தெரியத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடது காது நுனி மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது.

எதிர்வீட்டு மங்களாம்பிகை விசிறியோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தினமும் பால் சோறு வைத்து இந்தப் பூனைகளைச் சாப்பிடப் பழக்கியவள் அவள்தான். வாயில்லாத ஜீவன் வயிற்றை அறுக்கிறது பாவம் என்று ஒரு வாரமாக அழுதாள். சாக்கைப் பற்றி அமலி எடுத்துச் சொன்ன பிறகு அழுகையை நிறுத்தினாள். காலையிலிருந்து ஒரு ஈயைக்கூட எந்தப் பூனையின் மேலும் உட்காரவிடவில்லை.

சாம்பல் பூனையின் முறை வந்தது. மயக்க ஊசி போடும் முன், டாக்டர் கையுறையோடு அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கை நின்றது.

"அமலி அக்கா, இது பால் குடுக்குற பூனை."

அமலி குனிந்து பார்த்தாள். காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் ஈரமாக இருந்தது.

"குட்டிங்க எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியாமல் என்ன. அந்தப் பூனை பூட்டின வீட்டின் ஓட்டு ஓட்டையில் நுழைந்து வெளியேறுவதைத் தெருவே பார்த்திருக்கிறது.

டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஆபரேஷன் இன்றைக்கே செய்யலாம், பால் நின்றுவிடாது. ஆனால் தாய் சில நாளைக்கு ஓட்டின் மேல் தாவக் கூடாது, தையல் பிரிந்துவிடும். குட்டிகளை எடுத்துவந்து தாய்க்குப் பக்கத்தில் விட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"எடுக்க முடியலன்னா?" என்றாள் அமலி.

"எடுக்க முடியலன்னா இப்பவே திறந்து விட்டுடுவேன்க்கா. குட்டியப் பட்டினி போட்டுட்டு இதுக்கு நான் கத்தி வைக்க மாட்டேன்."

திறந்து விட்டால் இந்தக் கெட்டிக்காரி இனி எந்தக் கூண்டுக்குள்ளும் வராது. நாளைக்குச் சாக்கோடு ஆட்கள் வருவார்கள். அது கொள்ளிடத்துக்குப் போகும், குட்டிகள் பூட்டின வீட்டுக்குள் கத்திக் கத்தி ஓயும். யோசிக்க யோசிக்க எல்லா வழியும் அந்தக் கதவில்தான் போய் முடிந்தது.

மதியம் வரை நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமலி வெளியே வந்தாள். மங்களாம்பிகை விசிறியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே வந்தாள்.

வீட்டின் பின்பக்கச் சுவரில் காதை வைத்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம், நூல் இழுத்த மாதிரி மெல்லிசாக ஒரு குரல். தொடர்ந்து இன்னொன்று.

வாசலில் இரண்டு பூட்டும் தொங்கின. தன்னுடையதன் சாவி அமலியின் இடுப்பிலேயே இருந்தது. அண்ணன் போட்ட பூட்டு பெரியது, துருப்பிடித்தது, ஒரு கருங்கல்லை எடுத்து நாலு போடு போட்டால் கழன்றுவிடும் போல இருந்தது. புருஷன் ஜெக்கரியாவுக்குப் போன் செய்தாள். அவன் பஸ் கண்டக்டர், திருச்சி போகிற வண்டியில் இருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கல்லைக் கீழே போடு என்றுதான் முதலில் சொன்னான். கல் அவள் கையில் இருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

உடைத்தால் கோர்ட்டில் அவளுக்கு எதிராகப் போகும், அதற்கு மேல் அண்ணன் மனசில் என்னவாகப் போகும் என்றும் யோசி என்றான். அண்ணனுக்கு நான் வேண்டுமானால் போன் பண்ணட்டுமா என்று மங்களாம்பிகை கேட்டாள். வேண்டாம் என்று அமலி சொன்னாள். பேச்சு நிற்கக் காரணமானவர்களில் தானும் ஒருத்தி, அடுத்தவர் வாயால் ஆரம்பிப்பது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

அண்ணனின் எண் மறக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்.

"அண்ணே, நான் அமலி."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பூண்டி மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியேறுகிற நேரம். அவர் போனை வைத்துவிடவில்லை. அமலி கோர்வையில்லாமல் சொல்லி முடித்தாள். பூனை, குட்டி, ஆபரேஷன், பூட்டு.

"பூனைக்கா கூப்பிட்ட?" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"சாவி சட்டைப் பையிலதான் இருக்கு. வரேன்."

வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு இறங்கியவரை அமலி நேராகப் பார்க்கவில்லை. பார்த்த அளவில் சட்டை தோளில் கொஞ்சம் தளர்வாகத் தொங்கியது, மீசை முழுக்க வெளுத்திருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. யார் வீட்டு வாசலில் யார் யாரை வரவேற்பது என்பதுதானே வழக்கே. மங்களாம்பிகை மட்டும், நல்லாயிருக்கீங்களா தம்பி என்று கேட்டுவைத்தாள்.

முதலில் அவர் பூட்டு திறந்தது. அப்புறம் அவளுடையது. கதவு வீங்கிப்போய் நகர மறுத்தது. இருவரும் சேர்ந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

உள்ளே பூனை மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. ஓட்டு ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பு போலக் கீழே இறங்கியிருந்தது. சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தில் ஒட்டடை. அந்த நேரத்தில் ஒன்று நடந்தது. அந்தோணிமுத்துவின் கண்ணும் அமலியின் கண்ணும் ஒரே சமயத்தில் சமையலறை மேடைக்குப் போயின. அம்மாவின் பெரிய பித்தளை அண்டா அங்கேயே இருந்தது, மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசியோடு. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இத்தனை காலம் அவள் நினைத்திருந்தாள். அவர் என்ன நினைத்திருந்தார் என்பது, அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தெரிந்தது.

அதற்குள் குட்டிகள் மறுபடி கத்தின.

சத்தம் பரணிலிருந்து வந்தது. ஏணி கறையான் அரித்துக் கிடந்தது. அந்தோணிமுத்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அமலி புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். பரணில் கிழிந்த பாய், உடைந்த நாற்காலி, அதற்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த காலத்தில் வந்த பெட்டி. டிவி எப்போதோ கெட்டு எடைக்குப் போய்விட்டது. பெட்டியை மட்டும் அம்மா எதற்கும் ஆகும் என்று ஏற்றி வைத்திருந்தாள்.

அதற்குள் கையை விட்டாள். சூடாக, மெத்தென்று ஒரு உடம்பு. இன்னொன்று. மூன்றாவது. ஓரத்தில் நான்காவது ஒன்று கிடந்தது, அது சில்லென்று விறைத்திருந்தது.

"கிடைச்சிடுச்சா?" என்றார் கீழேயிருந்து.

"மூணு உசுரோட இருக்குண்ணே."

அவர் கணக்குக் கேட்கவில்லை. பெட்டியோடு வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் திறந்து கொஞ்ச நாளான குட்டிகள், வாயை மட்டும் பெரிதாகத் திறந்து அவர் சட்டைப் பொத்தானைத் தேடிச் சப்பின. விறைத்துப் போனதை ஒரு துணியில் சுற்றி, அவரே கொல்லைப் பக்கம் போய் மண்வெட்டி இல்லாமல் ஒரு ஓட்டுத் துண்டால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

வெளியே வந்தபோது பூட்டுவதற்கு இருவருக்குமே கை இல்லை. அவர் கையில் பெட்டி, அவள் கையில் அவருடைய செருப்பும் துண்டும். மங்களாம்பிகை கதவை வெறுமனே சாத்தினாள்.

சாம்பல் பூனையின் ஆபரேஷன் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. இனி அதன் வயிற்றில் குட்டி தரிக்காது. அந்தோணிமுத்து போகவில்லை. வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே கூடத்துச் சுவரோரம் நின்றார். யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தார். டாக்டர் குட்டிகளுக்கு வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கதகதப்புக் கொடுக்கச் சொன்னபோது, பாட்டில் ஆறியதும் மாற்றி வைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் போல மண்டிக்காரர் தியாகராசன் வந்து எட்டிப் பார்த்தார். வரிசையாகப் படுத்திருந்த பூனைகளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஒரு பூனை என் மண்டியில் நின்றால், அது செய்ததா செய்யாததா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். டாக்டர் ஒரு பூனையின் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். காது நுனி இல்லாவிட்டால் ஆபரேஷன் ஆனது, நுனியோடு புதிதாக ஒன்று வந்தால் எனக்குச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றாள். இந்தப் பூனைகளைக் கொண்டுபோய்க் கொட்டினால் காலி இடத்துக்கு வேறு பூனைகள் வரும், அவை குட்டியும் போடும், இவை இருந்தால் இவற்றின் இடத்துக்கு வேறு வராது என்றும் சொன்னாள். அவர் வாசலுக்குப் போய், நாளைக்கு வர வேண்டாம் என்று யாரிடமோ போனில் சொன்னது உள்ளே கேட்டது. மங்களாம்பிகை விசிறியை மடியில் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்த நேரம், சாம்பல் பூனைக்கு மயக்கம் தெளிய ஆரம்பித்தது. தலையைத் தூக்கியது. தலை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கியது. முன்கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துழாவியது. நன்றாகத் தெளியட்டும் என்று டாக்டர் காத்திருந்தாள். பிறகுதான் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் விட்டாள். பூனை முகர்ந்து பார்த்தது. மருந்து வாசனையில் ஒரு கணம் தயங்கியது. அப்புறம் முதல் குட்டியின் தலையை நக்க ஆரம்பித்தது.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தோணிமுத்து டாக்டர் பக்கம் நகர்ந்து வந்தார்.

"டாக்டரம்மா, மயக்க ஊசி போட்டா எல்லாம் இந்த மாதிரிதான் எழுந்திரிக்குமா?"

"எழுந்திரிக்கும் ஐயா. சிலது சீக்கிரம், சிலது கொஞ்சம் நேரமாகும்."

"எழுந்திரிக்காமலே போறதும் உண்டா?"

டாக்டர் மறைக்கவில்லை. "எப்பவாவது உண்டு. ரொம்ப அபூர்வம். அதுக்குத்தான் பக்கத்துல ஆள் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கோம்."

"வயசானதா இருந்தா?"

"எந்தப் பூனையக் கேட்கிறீங்க ஐயா?"

வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்த அமலியின் கை நின்றுவிட்டது. அவர் கூடத்தை விட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். துண்டை எடுத்துக்கொண்டு அமலி பின்னாலேயே போனாள். நீட்டினாள். அவர் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எப்ப, அண்ணே?"

அவர் ஒளிக்கப் பார்க்கவில்லை. "செவ்வாய்க்கிழமை. தஞ்சாவூர்ல."

"எங்க?"

வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். அறுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியுமாம், டாக்டர்கள் அதற்கு மேல் சொல்லவில்லை என்றார். மாசக்கணக்காக வலி இருந்தது, நடவு முடியட்டும், உரம் வைக்கட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

அண்ணி அருள்செல்விக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"கூட ஒரு ஆள் இருக்கணும்னு சொன்னாங்க" என்றார், எங்கோ பார்த்தபடி. "யாரைச் சொல்றதுன்னு கோயில்ல உட்கார்ந்து யோசிச்சிட்டிருந்தேன். அப்பதான் நீ போன் பண்ணுன."

மறியலும் மண்டபமும் வக்கீலும் கோர்ட்டும் எல்லாம் அமலிக்குள் அப்படியேதான் இருந்தன, ஒன்றும் கரைந்துவிடவில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுகொண்டது. செவ்வாய்க்கிழமை அரிசி போடுகிற நாள், கடைக்கு யாரை நிறுத்துவது என்று அவள் மனம் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

"முதல் பஸ்ஸுக்கு நான் வந்துடறேன்" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி அண்ணிகிட்ட சொல்லிடுங்க. அவங்களுக்குத் தெரியாம நான் வந்து ஆஸ்பத்திரியில உட்கார முடியாது. நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"சொல்ல வாய் வரலம்மா."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அருள்செல்வி. பூசைக்குப் போன மனுஷனை இன்னும் காணோமே என்று கூப்பிடுகிறாள் போலிருக்கிறது.

அவர் பொத்தானை அழுத்தவில்லை. அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே தங்கையிடம் நீட்டினார்.

அமலி கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.